ஒரு வாரம், மூன்று மலைநாடுகள்: இத்தாலியில் எங்கே மிதிப்பது?

போன மாதம் தங்கை போனில் கேட்டாள்: "அண்ணா, மே மாசம் ஒரு வாரம் லீவு கிடைச்சிருக்கு. ரெண்டு பேரும் இத்தாலியில சைக்கிள்ல சுத்தலாம்னு இருக்கோம். டஸ்கனியா, உம்பிரியாவா, இல்ல நீ சொல்லிக்கிட்டே இருப்பியே, அந்த மார்க்கேயா?"

அவளுக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் மிதிப்பது பெரிய காரியமில்லை. மாப்பிள்ளையும் ஆசையாகத்தான் மிதிப்பார். ஆனால் ஐம்பதைத் தாண்டினால் முழங்கால் வலி வந்துவிடும். இருவரும் சேர்ந்தே போக வேண்டும், லாரி இரைச்சல் கூடாது, சாயங்காலம் பழைய ஊர் ஒன்றின் கல் தெருவில் காலாற நடக்க வேண்டும். அவர்கள் கேட்பது இவ்வளவுதான். இந்த மூன்று பகுதிகளிலும் பைகளைக் கட்டிக்கொண்டு மிதித்தவன் என்ற முறையில் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நடு இத்தாலியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குன்றும் கோட்டை மதிலும் மணிக்கூண்டும் கண்ணில் படும். அதனால் அழகை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நான் பார்ப்பது வேறு ஒன்றை: இந்தச் சாலை ஏன் அமைதியாக இருக்கிறது? கார் வராத சாலைக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். தார் போடாமல் விட்டிருப்பார்கள். ரயிலை நிறுத்திவிட்டுத் தண்டவாளத்தைப் பெயர்த்திருப்பார்கள். பக்கத்திலேயே புறவழிச்சாலை வந்திருக்கும். இல்லையென்றால் அந்தப் பக்கம் வெளியூர்க்காரர்கள் அதிகம் வரமாட்டார்கள். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், உங்கள் காலுக்கும் டயருக்கும் அங்கே என்ன வேலை காத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

டஸ்கனியில் காரணம் வெள்ளைப் புழுதி. சியெனாவைச் சுற்றியுள்ள குன்றுகளில் தார் படாத சரளைச் சாலைகள் இன்றும் நிறைய உண்டு. வெளிறிய நிறத்தால் அவற்றை 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்கிறார்கள். அவை தானாகத் தப்பிப் பிழைக்கவில்லை. 1997-ல் கையோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில், பழைய காலத்துச் சைக்கிள்களில் பழைய கம்பளிச் சட்டையோடு மிதிக்கும் 'லெரோயிகா' விழாவைத் தொடங்கினார்கள். இந்தச் சாலைகள்மேல் தார் விழாமல் காப்பதும் அவர்கள் நோக்கங்களில் ஒன்று. விழா அக்டோபர் தொடக்கத்தில்தான் நடக்கும். ஆனால் அதன் 209 கிலோமீட்டர் வட்டப்பாதைக்கு வழிப்பலகைகள் நட்டிருப்பதால் எந்த மாதத்திலும் போகலாம். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் சைப்ரஸ் மர வரிசை, மூர்லோ பக்கத்துக் காடுகள், மொந்தல்ச்சீனோவின் திராட்சைச் சரிவுகள், அஷானோ அருகே மரமே இல்லாமல் அலையலையாகப் போகும் களிமண் குன்றுகள் எல்லாம் அந்த ஒரே வட்டத்தில் வந்துவிடும். மே மாதத்தில் அந்தக் களிமண் முழுக்கப் பச்சைக் கோதுமையாக இருக்கும். அறுவடைக்குப் பிறகு சாம்பல் நிறமாகிவிடும்.

மொத்த ஏற்றம் 3,500 மீட்டருக்கு மேல். ஐந்து நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 700 மீட்டர்தானே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு ஏமாற்றும். ஒரே நீளமான ஏற்றமாக இருந்தால் மெதுவாக மூச்சைச் சீராக்கிக்கொண்டு ஏறிவிடலாம். இங்கே நூறு மீட்டர் இறக்கம், உடனே நூறு மீட்டர் ஏற்றம், திரும்பவும் இறக்கம். இறங்கும்போது சரளை வழுக்கும் என்பதால் பிரேக்கை விடவே முடியாது. அதனால் கீழே சேர்த்த வேகத்தை மேலே செலவழிக்கவும் முடியாது. 2007 முதல் தொழில்முறை வீரர்கள் இந்தச் சாலைகளில் பந்தயம் ஓட்டுகிறார்கள். அதில் 11.5 கிலோமீட்டர் நீளமான மொந்தே சாந்தே மரியே என்ற துண்டு, மூன்று முறை வென்ற சுவிஸ் வீரர் ஃபாபியான் கான்செல்லாராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. சுமையோடு அந்தத் துண்டில் போனபோது இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் முழங்கால் வலி உள்ளவரை அங்கே கூட்டிப்போக மாட்டேன்.

மழை இன்னொரு சங்கதி. அந்தக் களிமண் நனைந்தால் மாவு பிசைந்தது போல டயருக்கும் மட்காடுக்கும் நடுவே அப்பிக்கொள்ளும். ஒரு ஏப்ரல் மாதம், இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்த மறுநாள் காலை, குச்சியால் மண்ணைக் கிண்டிக் கிண்டியே பத்து கிலோமீட்டரைக் கடந்தேன். முற்பகல் முழுதும் அதிலேயே போய்விட்டது.

சரளை வேண்டாம், தார்ச்சாலையிலேயே போகலாமே என்றால், டஸ்கனி தன் அமைதியை உங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஃபுளோரன்ஸிலிருந்து சியெனாவுக்குப் போகும் 222-ம் எண் கியாந்திச் சாலை அழகானது. அந்த அழகே அதற்குக் கூட்டத்தையும் சேர்த்துவிட்டது. பியென்சாவுக்கும் சான் குவீரிகோவுக்கும் இடையே ஓடும் சாலையைப் படங்களில் பார்க்காதவர்கள் குறைவு. அதனால் வாடகைக் கார்கள் வளைவுக்கு வளைவு ஓரங்கட்டி நிற்கும். பியென்சா பார்க்க வேண்டிய ஊர்தான்: இரண்டாம் பயஸ் என்ற போப்பாண்டவர் தான் பிறந்த கிராமத்தை 1459-ல் இடித்துக் கட்டத் தொடங்கி, ஒரு முழு நகரத்தின் இலக்கணமாக்கிய இடம். காலை எட்டு மணிக்கு முன் போய்விடுங்கள். பாஞ்ஞோ விஞ்ஞோனியில் ஊர்ச் சதுக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வெந்நீர்க் குளம் ஒன்று ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அதற்கும் அதிகாலைதான் நேரம்.

தங்கை தனியாகப் போவதாக இருந்தால், நாற்பது மில்லிமீட்டர் டயர் போட்டுக்கொண்டு நேராகக் கையோலேக்குப் போ என்றுதான் சொல்லியிருப்பேன்.

உம்பிரியாவில் நிலமே வேறு மாதிரி அமைந்திருக்கிறது. அசீசிக்கும் ஸ்பொலேத்தோவுக்கும் நடுவே உள்ள சமவெளி, ஒரு காலத்தில் ஏரியும் சதுப்புமாகக் கிடந்து, பிறகு வடிக்கப்பட்ட நிலம். தட்டுப்போல் இருக்கும். அந்தத் தட்டின் விளிம்பில்தான் ஊர்கள் உட்கார்ந்திருக்கின்றன: அசீசி, ஸ்பெல்லோ, த்ரேவி ஒரு பக்கம், மொந்தெஃபால்கோ எதிர்ப்பக்கம். சமவெளி சுமார் 200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் அசீசியும் த்ரேவியும் 400-க்குச் சற்று மேலே, மொந்தெஃபால்கோ 470-ல். கீழே ஓடைகளையும் கால்வாய்க் கரைகளையும் ஒட்டி ஏறக்குறைய 50 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை போகிறது. அதில் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஒருவர் பலமாகவும் ஒருவர் மெதுவாகவும் மிதிக்கும் ஜோடிக்கு இந்த அமைப்பு எவ்வளவு பெரிய வரம் என்பது போனபிறகுதான் எனக்கே புரிந்தது. டஸ்கனியில் ஏறுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது சாலை. இங்கே அது உங்கள் கையில் இருக்கிறது. முழங்கால் நன்றாக இருக்கிற நாளில் மொந்தெஃபால்கோவுக்கு ஏறலாம். அந்த ஊரை 'உம்பிரியாவின் பால்கனி' என்பார்கள். மதிலோரம் நின்றால் சமவெளி முழுதும் காலடியில் விரியும். வலிக்கிற நாளில் கீழேயே பெவான்யாவில் தங்கிவிடலாம். ரோமானியர்களின் ஃபிளமீனியா நெடுஞ்சாலையின் ஒரு கிளை அந்த ஊர் வழியாகத்தான் போனது. சதுக்கத்தில் எதிரெதிரே நிற்கும் பழைய கல் தேவாலயங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது.

இந்தச் சமவெளிப் பாதைக்கு ஒரு குறையும் உண்டு. சில இடங்களில் நெடுஞ்சாலையின் இரைச்சல் காற்றோடு வரும், தொழிற்கூடங்களின் முதுகைப் பார்த்தபடி போக வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட நேரத்தில் கண்ணை மலைப்பக்கம் திருப்பிக்கொள்வேன். அசீசி முதல் ஸ்பொலேத்தோ வரை மலைச்சரிவு முழுக்க ஒலிவ மரங்கள்தான். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2018-ல் அந்தத் தோட்டங்களை உலக வேளாண் மரபுகளில் ஒன்றாக அறிவித்தது. சரிவில் தோட்டங்களுக்கு ஊடாகவும் சின்னச் சின்னச் சாலைகள் உண்டு. கால் வலுவுள்ளவர் அந்த வழியே போய் மாலையில் ஊரில் சேர்ந்துகொள்ளலாம்.

அசீசி என்றதும் புனித பிரான்சிஸ் நினைவுக்கு வருவார். சைக்கிள்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு. டூர் டி பிரான்ஸ், ஜீரோ த இத்தாலியா என்ற இரண்டு பெரிய சைக்கிள் பந்தயங்களையும் வென்ற ஜீனோ பார்த்தாலி, ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் பயிற்சி என்ற பெயரில் ஃபுளோரன்ஸுக்கும் அசீசிக்கும் இடையே மிதித்தார். யூதர்களைக் காப்பாற்றுவதற்கான போலி அடையாளத் தாள்கள் அவருடைய சைக்கிள் குழாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. இந்தச் சேவைக்காக 2013-ல் இஸ்ரேலின் யாத் வாஷெம் நிறுவனம் அவரைக் கௌரவித்தது. உயிரோடு இருந்தவரை அவர் இதைப் பற்றி அதிகம் பேசவில்லை. அசீசி ஏற்றத்தில் கால் தளரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன்.

ஸ்பொலேத்தோவில்தான் உம்பிரியாவின் மிகப் பெரிய அமைதி தொடங்குகிறது. அங்கிருந்து மலையைத் தாண்டி நோர்ச்சாவுக்கு 1926-ல் ஒரு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 51 கிலோமீட்டர், 19 குகைகள், 24 பாலங்கள். வடிவமைத்தவர் எர்வின் தோமான் என்ற சுவிஸ் பொறியாளர். 1968-ல் ரயில் நின்றது. இப்போது அந்தத் தடத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள். ரயில் ஏற வேண்டிய பாதை என்பதால் மிகச் செங்குத்தான இடத்திலும் நூறு மீட்டருக்கு நாலரை மீட்டர்தான் உயர்வு. சாலை நேராக ஏறும் மலையை ரயில் சுற்றிச் சுற்றி, வளைந்து வளைந்து ஏறியிருக்கிறது. முழங்காலுக்கு இதைவிடக் கருணையான மலைப்பாதையை நான் பார்த்ததில்லை. ஒரு பாலத்தில் நின்று பார்த்தால், அரைமணி நேரத்துக்கு முன் கடந்த பாலம் கீழே பள்ளத்தாக்கில் தெரியும்.

உச்சியில் இருப்பது கப்ரரேச்சா குகை, ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளம். உள்ளே கும்மிருட்டு, வெளியே வெயில் கொளுத்தும் நாளிலும் குளிர். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும்தான் துணை. நடுவில் நின்று விளக்கை ஒரு கணம் அணைத்தேன். கண்ணைத் திறந்திருக்கிறோமா மூடியிருக்கிறோமா என்றே தெரியவில்லை. அந்தப் பக்கம் வெளியே வந்ததும் நேரா என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு பச்சையாக விரிந்தபோது, அந்த வெளிச்சத்துக்காகவே திரும்ப ஒருமுறை வரலாம் என்று தோன்றியது.

இந்தப் பாதையில் இரண்டு எச்சரிக்கைகள். தரை பெரும்பாலும் சரளை, சில இடங்களில் பழைய ரயில் ஜல்லியே கிடக்கும். மெல்லிய டயர் ஆகாது, 35 மில்லிமீட்டராவது வேண்டும். அடுத்தது நிலநடுக்கம். 2016 அக்டோபர் 30-ல் 6.5 அளவில் பூமி குலுங்கியபோது நோர்ச்சாவின் புனித பெனடிக்ட் பேராலயம் முகப்பை மட்டும் விட்டுவிட்டு இடிந்து விழுந்தது. இந்த ரயில் தடமும் அடிபட்டது. ஸ்பொலேத்தோவிலிருந்து குகையைத் தாண்டி சாந்தனதோலியா தி நார்கோ வரை போவது ஒரு நாளுக்கு நிறைவான பயணம். அதற்கு அப்பால் எந்தத் துண்டு திறந்திருக்கிறது என்பதைத் தங்கும் விடுதியில் விசாரித்துவிட்டே கிளம்ப வேண்டும்.

லெ மார்க்கே என் மனசுக்கு நெருக்கமான நிலம். அதனால்தான் அதைப் பற்றிக் கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சீப்பை எடுத்துத் தரையில் வைத்தால் அதுதான் மார்க்கே. சீப்பின் முதுகு அப்பெனைன் மலைத்தொடர். பற்களுக்கு இடையே உள்ள சந்துகளில் மெத்தௌரோ, எசீனோ, பொத்தென்ஸா, கியென்தி என்று ஆறுகள் வரிசையாக ஏத்ரியாடிக் கடலுக்கு இறங்குகின்றன. ஊர்கள் எல்லாம் பற்களின் மேல், அதாவது குன்றின் முதுகில். வேகமாகப் போகிறவர்கள் ஆற்றோரச் சாலைகளையும் கடற்கரைச் சாலையையும் பிடித்துக்கொள்கிறார்கள். குன்றின் முதுகில் ஓடும் பழைய சாலைகளில் ஒரு டிராக்டர், ஒரு தபால் வண்டி, அவ்வளவுதான். தார் போட்ட சாலை, புழுதி இல்லை, இரண்டு பக்கமும் காட்சி. வெளிநாட்டுக் கூட்டம் டஸ்கனியோடு நின்றுவிடுகிறது. இங்கே சைக்கிளில் போய் நின்றால் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கடைக்காரர் உண்மையான ஆவலோடு கேட்பார்.

பல்லோடு பல்லாக, மலையிலிருந்து கடலுக்கோ கடலிலிருந்து மலைக்கோ போனால் சுகம். குறுக்கே போனால் அன்றைக்கு நீங்கள் தீர்ந்தீர்கள். கொரினால்தோவின் மதில்களைப் பார்த்துவிட்டு, ஃபிரடெரிக் பேரரசர் 1194-ல் பிறந்த யேசிக்குப் போய், அங்கிருந்து லெயோபார்தி என்ற கவிஞர் பிறந்த ரெகனாத்திக்கு என்று ஆசைப்பட்டு ஒரு வழியைப் போட்டேன். வரைபடத்தில் சின்னத் தூரம்தான். ஒவ்வொரு ஆற்றுக்கும் இறங்கி, ஒவ்வொரு குன்றுக்கும் ஏறி, அதுவும் சுவர் மாதிரி நிமிர்ந்த ஏற்றங்கள். அங்கே அவற்றை 'மூரி' என்கிறார்கள், சுவர்கள் என்றுதான் அர்த்தம். போனில் பார்க்கும் வரைபடம் இதையெல்லாம் மறைத்துவிடும். 1894-ல் மிலானில் சைக்கிள்காரர்கள் கூடித் தொடங்கிய தூரிங் க்ளப்பின் காகித வரைபடத்தை மேசைமேல் விரித்தால்தான் அந்தச் சீப்பு கண்ணுக்குத் தெரியும்.

மார்க்கேயில் நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே ஒரு நாள்பயணம் உண்டு. உர்பீனோவில் தொடங்க வேண்டும். ராஃபேல் 1483-ல் பிறந்த ஊர், அரண்மனையும் மதிலும் குன்றின் மேல் செங்கல் நிறத்தில் மின்னும். அங்கிருந்து இறங்கி ஃபூர்லோ கணவாய்க்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் நெடிய பாறைச் சுவர், நடுவே பச்சைத் தண்ணீர். பெரிய சாலையை மலைக்குள் குடைந்து கொண்டுபோய்விட்டதால் பழைய ஃபிளமீனியாச் சாலை ஓய்ந்து கிடக்கிறது. அதில் வெஸ்பாசியன் பேரரசன் காலத்தில், கி.பி. 76 வாக்கில், கையுளியால் குடைந்த 38 மீட்டர் நீளமான குகை இருக்கிறது. இன்றும் சாலை அதன் வழியாகத்தான் போகிறது. சுவரைத் தொட்டுப் பார்த்தேன், உளித் தடம் விரலுக்குத் தட்டுப்பட்டது. அதற்கப்புறம் மெத்தௌரோ ஆற்றின் போக்கிலேயே கடற்கரை ஃபானோவுக்கு இறங்கிவிடலாம்.

அமைதியான ஊர்ப்புறம் என்பதால் கவனம் தளரக்கூடாது என்பதையும் மார்க்கேதான் எனக்குச் சொன்னது. 2011-ன் ஜீரோ த இத்தாலியா பட்டம் பெற்ற மிக்கேலே ஸ்கார்ப்போனி, 2017 ஏப்ரல் 22 காலையில், தன் சொந்த ஊரான ஃபிலொத்ரானோவில் பயிற்சியில் இருந்தபோது வேன் மோதி இறந்தார். அவர் பெயரில் இயங்கும் அறக்கட்டளை இன்று சாலைப் பாதுகாப்புக்காகவே உழைக்கிறது. சந்திப்புகளில் நின்று பார்த்துப் போங்கள். பளிச்சென்ற சட்டை போடுங்கள்.

வடக்கே பியமோந்தேயின் லாங்கே குன்றுகளையும் சிலர் சொல்வார்கள். திராட்சைத் தோட்டங்களுக்கு 2014-ல் யுனெஸ்கோ அங்கீகாரம், ஆல்பாவின் வெள்ளை ட்ரஃபிள் காளான், எல்லாம் சரிதான். பரோலோவைச் சுற்றிய சாலைகளில் இலையுதிர் காலத்தில் கார் கூட்டம் அதிகம். அமைதி வேண்டுமென்றால் உயரமான அல்தா லாங்காவுக்கு ஏற வேண்டும், அதற்கு முழங்கால் ஒத்துக்கொள்ளாது. இந்த ஒரு வாரக் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

மின்சைக்கிள் எடுத்தால் இந்த ஒப்பீடே மாறிவிடாதா என்று மாப்பிள்ளை கேட்டார். ஏற்றத்தைப் பொறுத்தவரை மாறிவிடும். டஸ்கனியின் சரளை இறக்கத்துக்கு அது உதவாது. கனம் கூடிய வண்டி அங்கே இன்னும் பயமுறுத்தும். மார்க்கேக்குத்தான் மின்சைக்கிள் மிகப் பொருத்தம், அந்தச் 'சுவர்'களை அது கரைத்துவிடும். வாடகைக்கு எடுப்பதாக இருந்தால் கியர் எத்தனை பல் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை எனக்கு மலைக்கு ஆகாத கியரோடு ஒரு வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் அவதிப்பட்டேன்.

போய்ச் சேரும் வசதியிலும் உம்பிரியா முந்துகிறது. இத்தாலியின் அதிவேக ரயில்களில் சைக்கிளை மடித்தோ கழற்றிப் பையில் போட்டோதான் கொண்டுபோக முடியும். சைக்கிள் படம் போட்ட வட்டார ரயில்களில் தனிச் சீட்டு எடுத்தால் அப்படியே ஏற்றலாம். ரோம்–அங்கோனா பாதையில் ஸ்பொலேத்தோ, ஃபொலீன்யோ இரண்டுமே நிலையங்கள். டஸ்கனியில் கையோலேக்கு ரயில் கிடையாது. புவொன்கொன்வெந்தோவில் இறங்கி வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் அங்கிருந்து மொந்தல்ச்சீனோவுக்கு முதல் நாளே 400 மீட்டர் ஏற்றம். உர்பீனோவுக்கு இப்போது ரயிலே ஓடுவதில்லை.

ஆகவே இந்த இருவருக்கும், இந்த மே மாதத்துக்கும், என் பதில் உம்பிரியாதான். ஃபொலீன்யோவில் ரயில் இறங்கி அன்று மாலை சமவெளியில் மிதித்து பெவான்யாவில் தங்குங்கள். மறுநாள் ஸ்பெல்லோ வழியாக அசீசி. அங்கே இரண்டு இரவு தங்கினால்தான் சுற்றுலாப் பேருந்துகள் போனபிறகு கல் தெருவில் நிம்மதியாக நடக்கலாம். அடுத்து மொந்தெஃபால்கோ. பிறகு த்ரேவி, க்ளித்துன்னோ ஊற்று, ஸ்பொலேத்தோ. அங்கே மூன்று இரவு. ஒரு நாள் தங்கை மட்டும் மொந்தெலூகோவுக்கு ஏறட்டும். 800 மீட்டர் உயரத்தில், கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஓக் மரக் காடு ஒன்று இருக்கிறது. அதில் மரம் வெட்டக்கூடாது என்று கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே கல்லில் சட்டம் வெட்டி வைத்தார்கள். காடு இன்னும் நிற்கிறது. மாப்பிள்ளை அன்றைக்கு ஊருக்குள் காலை ஆற்றிக்கொள்ளட்டும்.

மறுநாள் இருவரும் சேர்ந்து ரயில் தடத்தில் ஏறுங்கள். பகல் ஒரு மணிக்கு மேல் கிராமக் கடைகள் மூடிவிடும், நாலு மணி வரை திறக்காது. சாப்பாட்டையும் தண்ணீரையும் ஸ்பொலேத்தோவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கம்பளிச் சட்டை, ஒளி பட்டால் மின்னும் மேலங்கி இரண்டு. குகைக்குள் அந்த மேலங்கி போட வேண்டும் என்பது இத்தாலியச் சட்டம். முன்விளக்கை முந்தின ராத்திரியே சார்ஜில் போட்டுவிடுங்கள். மறந்தால் அந்த இரண்டு கிலோமீட்டர் இருட்டின் வாசலிலிருந்தே திரும்பி வரவேண்டியிருக்கும்.